ஒன்றிலேயே நின்ற அர்ச்சனை

பழைய மாணவிகள் எல்லாம் சேர்ந்து மலர் போடுகிறோம், நீயும் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி இனிமையாக ஏதாவது எழுதிக் கொடு என்று கைப்பேசிக் குழுவில் கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குக் கீழே ரோஜாப்பூப் படம் வேறு. எழுதுகிறேன் தாயே, எழுதுகிறேன். ஆனால் இனிமைக்கு நான் எங்கே போவேன்? நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. உங்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. எனக்கு இருப்பது கோபம். பத்தாம் வகுப்பு நவராத்திரியில் வந்தது, இன்னும் இறங்கவில்லை. அந்த நவராத்திரிக்குப் பிறகு தை பிறக்கும்வரை என்னோடு முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லையா? வராது. அடித்தவர்களுக்கு மறந்துபோகும்.

கம்ப்யூட்டர் அறையாவது ஞாபகம் இருக்கிறதா? மாடிப்படிக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த அறை. அதை வெள்ளையடித்து, ஏசி மாட்டி, நீலத் திரை போட்டுக் கருவறை ஆக்கிவிட்டார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். ஈரச் சாக்கில் கால் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர்களுக்குத் தாளாளர் வீட்டம்மா பட்டுத் துணியில் உறை தைத்துக் கொடுத்திருந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. நம் அம்மாக்களுக்குக் கல்யாணத்துக்குக் கல்யாணம்தான் பட்டு. அந்தப் பெட்டிகளுக்குத் தினமும் பட்டு. சுற்றிலும் தறிச் சத்தம் கேட்கிற தெருவில் இருந்துகொண்டு அதைப் பார்த்து நாம் விட்ட பெருமூச்சு கொஞ்சமா?

கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று ஒன்று வெளியே வரும். புது பிளாஸ்டிக் வாசனை, அதோடு ஊதுபத்தி வாசனை. நமக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் கல்வி அந்த வாசனைதான். உள்ளே போனது பையன்கள். அதே நேரத்தில் பெண்கள் வகுப்பறையில் உட்கார்ந்து, அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கீபோர்டு வரைந்து, அதன்மேல் விரலை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தோம். என் அட்டையில் 'பி' எழுத்து வியர்வையில் அழிந்துபோய் நீலமாகக் கிடக்கும். அழிந்த எழுத்தைத் தட்டினாலும் ஒன்றும் வராது, அழியாத எழுத்தைத் தட்டினாலும் ஒன்றும் வராது. அப்படி ஒரு படிப்பு.

ஏன் இப்படி என்று ஒருமுறை நம் வகுப்பு டீச்சரிடம் கேட்டோம். "கதவ மூடி ஏசி போடுற ரூமு. வயசுப் பொண்ணுங்கள அங்க அனுப்பறது தாளாளருக்கு இஷ்டம் இல்லமா" என்றார். வயசுப் பையன்கள் உள்ளே போகலாமாம். கதவு நம்மைப் பார்த்தால் மட்டும்தான் மூடிக்கொள்ளும் போலிருக்கிறது.

எனக்கு அந்த அறைக்குள் போவது வெறும் ஆசை இல்லை. அப்பா திருமுக்கூடல் போகும் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் அவர் சொல்லியிருந்தது இதுதான்: "கம்ப்யூட்டர் குரூப்பு கெடச்சா நீ எவ்ளோ தூரம் படிக்கிறியோ படிச்சிக்கோமா, காலேஜிக்கும் அனுப்பறேன். அது இல்லன்னா பன்னெண்டாவதோட போதும்." அவர் பஸ்ஸில் ஏறும் யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்குத்தான் வேலை என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது வேதவாக்கு. நம் பள்ளியிலோ பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் பையன்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கு அறைக் கதவு திறந்தால்தான் அந்த குரூப்பும் திறக்கும். என் காலேஜ் அந்த நீலத் திரைக்குப் பின்னால் இருந்தது.

கம்ப்யூட்டர் சாரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வருவார். இறங்கும்போது சட்டை கசங்கியிருக்கும், அதை இழுத்து விட்டுக்கொண்டே கேட்டுக்குள் நுழைவார். இளவயது, கெட்டவர் இல்லை. அந்தக் கோடையில் தாளாளரின் அமெரிக்க மருமகன் வந்து, கம்ப்யூட்டர்களில் பைத்தான் என்ற புது மொழியைப் போட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு கட்டுத் தாளும் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாருக்குத் தெரிந்தது அந்தக் கட்டில் இருந்தது மட்டும்தான். அதிலும் நம்மைவிட நாலு பக்கம் முன்னால் இருப்பார். சில நாள் இரண்டு பக்கம்.

"பைத்தான்னா மலைப்பாம்புடி. பாம்பு பேர வெச்சா கடிக்காம இருக்குமா?" என்று என் பக்கத்தில் உட்காரும் தெலுங்குக்காரி அன்றே சொன்னாள். அவளும் நம் குழுவில்தான் இருக்கிறாள். வாய்முகூர்த்தம் பலித்தது பார்த்தாயாடி?

புரட்டாசி பிறந்ததும் தாளாளருக்கு ஒரு யோசனை வந்தது. வருடா வருடம் சரஸ்வதி பூஜையன்று நம் பள்ளியில் புத்தகங்களை அடுக்கி ஹயக்ரீவருக்கு அர்ச்சனை நடக்கும். படிப்புக்கு அந்தக் குதிரைமுகப் பெருமாள்தான் தெய்வம் என்பது தாளாளர் வீட்டு வழக்கம். இந்த வருடம் அர்ச்சனையைக் கம்ப்யூட்டரே செய்யட்டும் என்றார். நூற்றெட்டு முறை நாமம். ஒவ்வொரு நாமமும் எண்ணோடு தாளில் அச்சாகி வர வேண்டும். ஒவ்வொன்று வரும்போதும் அவர் ஒரு பூவைப் போடுவார். நூற்றெட்டு வந்ததும் தீபாராதனை. மருமகனுக்கு அனுப்ப வீடியோ எடுக்கவும் ஆள் பிடித்தாயிற்று.

சார் இதைப் பையன்கள், பெண்கள் இரண்டு பக்கத்துக்கும் வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாமத்தை நூற்றெட்டு வரி எழுதிக்கொண்டு வந்தார்கள். தண்டனை எழுதி எழுதிப் பழகிய கை. நான் அட்டைக் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சார் அப்போதுதான் நமக்குக் கரும்பலகையில் வைல் லூப் நடத்தியிருந்தார். ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்யும். அவ்வளவுதான் விஷயம். எண் என்று ஒன்றை வைத்துக்கொள், அதில் ஒன்று என்று போடு. அது நூற்றெட்டைத் தாண்டாதவரை எண்ணையும் நாமத்தையும் அச்சடி, பிறகு எண்ணோடு ஒன்றைக் கூட்டு. நாலே நாலு வரி. எழுதி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. தாளை மடித்து அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

சார் என் நாலு வரியைத் தாளாளரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். மறுநாள் தாளாளர் வகுப்புக்கே வந்துவிட்டார். "யாரு எழுதினது? நீயா? பேஷ்! பூஜை நன்னா நடக்கட்டும்டி கொழந்தே. தை மாசத்துலேர்ந்து பொண்களுக்கும் அந்த ரூம்தான். ப்ளஸ் ஒன்லயும் சேத்துண்டுடலாம்" என்றார். நீங்கள் எல்லோரும் பெஞ்சைத் தட்டினீர்கள். ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். சாயங்காலம் ஐஸ் வாங்கிக் கொடுத்ததுகூட நீங்கள்தான், சேமியா ஐஸ். அன்றைக்கு நான் உங்களுக்கு மகாராணி.

பூஜைக்கு முந்தின நாள், பையன்கள் மைதானத்தில் இருந்தபோது, என்னையும் தெலுங்குக்காரியையும் சார் அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். டீச்சர் ஒருவர் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். முதல்முறை. கால் சில்லிட்டது. உறையை எடுக்கும்போது பட்டு என் முழங்கையில் உரசியது. விசையைத் தட்டினால் எழுத்து வருகிறது! நான் தட்டிய எழுத்து வருகிறது! என் அட்டையில் அழிந்துபோன 'பி'யை ஒரு வரி முழுக்கத் தட்டினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தெலுங்குக்காரி அச்சுத் தாளின் ஓரத்தில் துளைத்துளையாகத் தொங்கும் நாடாவைக் கிழித்து மோதிரம் செய்து எனக்குப் போட்டாள். நாலு வரியையும் அடித்துத் திரையில் ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் சரசரவென்று ஏறி நூற்றெட்டில் வந்து நின்றன. நின்றன என்றால் நின்றன. அட்சரம் பிசகவில்லை. சார் பார்த்தார், தெலுங்குக்காரி பார்த்தாள், இந்த இரண்டு கண்ணும் பார்த்தது.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்தக் கதை ஆரம்பமானது. மருமகன் கொடுத்த தாள்கட்டைப் புரட்டிக்கொண்டே வந்த சார், ஒரு பக்கத்தில் நின்றார். "இரு இரு. நல்ல புரோகிராமருங்க எல்லாத்தையும் இப்படி நீளமா எழுத மாட்டாங்களாம். வேலைய தனியா ஒரு ஃபங்ஷன்ல வெச்சிட்டு, லூப்புலேந்து அத கூப்புடணுமாம். வீடியோ அமெரிக்காவுக்குப் போவுது. அவரு பாத்தாருன்னா நம்மள இன்னா நினைப்பாரு?"

"நாளைக்கே ஃபங்ஷன், இன்னிக்கு இன்னொரு ஃபங்ஷனா சார்?" என்றாள் தெலுங்குக்காரி.

சார் சிரிக்கவில்லை. அர்ச்சனை என்ற பெயரில் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதச் சொன்னார். எண்ணை அதனிடம் கொடுக்க வேண்டும். அச்சடிப்பதும் ஒன்றைக் கூட்டுவதும் அதற்குள் நடக்கும். வெளியே இருக்கும் லூப்பின் வேலை, எண் நூற்றெட்டைத் தாண்டும்வரை அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கூட்டுகிற வரியைத் தூக்கி உள்ளே வைக்கும்போது எனக்கு என்னவோ இடித்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

"சார், கூட்டறத வெளியவே வெச்சிக்கலாமே? உள்ள போனா அது வெளிய இருக்கற எண்ணுக்குத் தெரியுமா?"

"உள்ள இருந்தா இன்னா, வெளிய இருந்தா இன்னா? பேரு ஒண்ணுதானேம்மா? ரெண்டும் எண்ணுதானே?"

"அப்ப ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாம் சார்."

சார் சரி என்றுதான் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் திரையை விலக்கிக்கொண்டு தாளாளர் உள்ளே வந்தார். கையில் வெள்ளிக் கிண்ணம். பின்னாலேயே பூக்காரர் இரண்டு கூடையோடு. தாளாளர் குனிந்து மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மாலையும் சாத்திவிட்டார். "சந்தனம் இட்டாச்சு. இனிமே பூஜை முடியறவரைக்கும் யாரும் கை வைக்கப்படாது" என்றார்.

"சார், ஒரே தடவ..." என்றேன் நான்.

"அதான் நடந்ததே, பாத்தியோன்னோ? போ, போய்ப் பூ தொடு" என்றார் தாளாளர். கம்ப்யூட்டர் சார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். உலகத்தில் எந்த ஊரிலாவது சந்தனம் வைத்துவிட்டதால் ஒரு புரோகிராமைச் சோதித்துப் பார்க்காமல் விட்டிருப்பார்களா? நம் சின்னக் காஞ்சிபுரத்தில் விட்டார்கள்.

பூஜை நாள் உங்களுக்கும் தெரியும், நீங்களும் பாவாடை தாவணியில் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். அறைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் மேசையை வாசல்வரை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஹயக்ரீவர் படம், புத்தக அடுக்கு, மாலை சூட்டிய மானிட்டர், பக்கத்தில் அச்சு இயந்திரம். மூலையில் அண்டா நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல். தேங்காயும் இஞ்சியும் மணக்க மணக்க, தீபாராதனை ஆகும்வரை அதன்மேல் வாழையிலை மூடியிருந்தது.

தாளாளர் ஆசமனம் செய்து, சங்கல்பம் சொல்லி, பவித்திரம் போட்ட விரலால் என்டரை அழுத்தினார். அச்சு இயந்திரம் கீச்சென்று கத்திவிட்டு வேலையை ஆரம்பித்தது. முதல் வரி வந்தது. எண் ஒன்று, பிறகு ஆங்கில எழுத்தில் ஸ்ரீ ஹயக்ரீவாய நம. தாளாளர் முதல் பூவைப் போட்டார். வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அடுத்த வரி, அடுத்த பூ. அடுத்த வரி, அடுத்த பூ. இயந்திரம் வேகமாக ஓட, தாளாளரின் கையும் வேகமாக ஓடியது.

ஒரு கூடை பூ தீர்ந்தது. இரண்டாவது கூடை பாதி. இன்னும் தீபாராதனை வரவில்லையே என்று கழுத்தை நீட்டினேன். எட்டிப் பார்க்க முடியாது, முன்னால் ஆசிரியர்கள். தாள் மடிப்பு மடிப்பாக மேசையிலிருந்து தரையை நோக்கி இறங்க ஆரம்பித்தது. "ஐயையோ, பகவன் நாமாடா அது! கீழே பட்டா அபசாரம்!" என்று தாளாளர் கத்தினார். கணக்கு வாத்தியாரும் பி.டி. சாரும் ஓடிப்போய்த் தங்கள் அங்கவஸ்திரத்தை விரித்துத் தாளை ஏந்தினார்கள். தாள் வந்துகொண்டே இருந்தது. பூ தீர்ந்து, தாளாளர் அட்சதையைப் போட்டார். அட்சதையும் தீர்ந்து, துளசியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

தாளை ஏந்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார்தான் முதலில் பார்த்தார். "ஸ்வாமி, எல்லாத்துலயும் ஒண்ணுன்னே இருக்குதே!"

"என்னது?"

"ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. ரெண்டே வரலை ஸ்வாமி."

சார் வெளுத்துப்போய் மேசைப் பக்கம் பாய்ந்தார். "நிறுத்திடறேன் சார், ஒரே அழுத்துதான்." தாளாளர் கையை நீட்டி மறித்தார். "அர்ச்சனை நடந்துண்டிருக்கறச்சே நடுவுல நிறுத்தறதா? ஒண்ணு முடிஞ்சு ரெண்டே ஆரம்பிக்கலைங்கறான், இப்போ நிறுத்தினா பூஜையே விக்கினமாயிடும். தொடாதேயும்!" நிறுத்தினால் தோஷம், நிறுத்தாவிட்டால் விடியாது. தாளைக் கீழே விட முடியாது, மேலே ஏந்தவும் கை இல்லை. நாலைந்து பேர் வேட்டி நுனியில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் கரண்ட் போனது. அப்பாடா என்றேன் நான், வாய்விட்டே. கரண்ட் போனால் என்ன, யு.பி.எஸ். இருக்கிறதே! அது பீப் பீப் என்று கத்திக்கொண்டே அர்ச்சனையை நடத்தியது. நீங்கள் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். அது வேறு யாராவது எழுதிய புரோகிராமாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கடைசியில் தாள் தீர்ந்துதான் அது நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அறை முழுக்க ஒன்றாம் நாமம். தாளாளர் தீபாராதனை காட்டவில்லை. அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். தீபாராதனை ஆகாத சுண்டலைக் கொடுப்பதா வேண்டாமா என்று பெரியவர்களுக்குள் பேச்சு நடந்து, கடைசியில் அப்படியே மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். உங்களுக்கு அந்தச் சுண்டல் கோபமும் சேர்ந்துகொண்டது என்று எனக்குத் தெரியும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். டியூட்டியின் நடுவில் இறங்கி, காக்கிச் சட்டையோடு, தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். தாளாளர் அறையில் கம்ப்யூட்டர் சாரும் நின்றுகொண்டிருந்தார்.

"உம்ம பொண்ணு பண்ணின காரியம் தெரியுமாய்யா? ஊர் சிரிக்கறது" என்றார் தாளாளர்.

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "தப்புங்க சாமி. சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டுது. மன்னிச்சிக்கோங்க" என்றார்.

"நான் எழுதுனது நல்லா ஓடுச்சு சார்" என்றேன். "முந்தின நாளு நூத்தெட்டு வரைக்கும் வந்துது. கூட்டற வரிய உள்ள தூக்கி வெச்ச அப்புறந்தான் இப்படி ஆயிடுச்சு."

தாளாளர் சாரைப் பார்த்தார். "என்னய்யா?"

"ரெண்டுக்கும் ஒண்ணும் வித்தியாசம் இல்ல சார். பேரு ஒண்ணு, வரி ஒண்ணு, இடந்தான் மாறியிருக்குது. டைப் அடிக்கறப்போ எங்கயோ தப்பு பண்ணியிருக்குது." இதைச் சொல்லும்போது சார் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பொய் சொல்கிறவர் அப்படிப் பார்க்க மாட்டார். ரொம்ப வருடம் அவரைப் பொய்யர் என்று திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அந்த மனிதர் மனதார நம்பித்தான் சொன்னார் என்று தோன்றுகிறது. அந்த எண்ணம் கோபத்தைக் குறைக்கவில்லை, எரிச்சலைத்தான் கூட்டுகிறது. பொய்யரையாவது சபிக்கலாம்.

தாளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி. நான் அநியாயக்காரன் இல்லை. உள்ளே வெச்சதாலேதான் கெட்டுதுன்னா, ஏன் கெட்டுது? காரணத்தைச் சொல்லு, ஒத்துக்கறேன். பொண்களுக்குச் சொன்ன வார்த்தையும் அப்படியே இருக்கும்."

எனக்குக் காரணம் தெரியவில்லை. அது ஓடியது தெரியும், மாற்றியதும் கெட்டது தெரியும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. பேர் ஒன்றுதானே, ஏன் கூடவில்லை? அப்பா என் தோளை அழுத்தி, "சாமிகிட்ட தப்புன்னு சொல்லுமா" என்றார். நான் சொல்லவில்லை. அழுகைதான் வந்தது. அழுததையே அவர்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

பெண்களுக்குத் தை மாதமும் இல்லை, கம்ப்யூட்டர் குரூப்பும் இல்லை என்று ஆனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வீடியோ கேசட்டையும் தாளாளர் அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அந்த மருமகன் ஒரு நொடியில் சிரித்துவிட்டுக் காரணத்தைச் சொல்லியிருப்பார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வகுப்புக்குத் திரும்பினால் நீங்கள் எல்லோரும் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தீர்கள். "இவ ஒருத்தியால எல்லாருக்கும் போச்சு" என்று ஒருத்தி சொன்னாள். யார் என்று எழுத மாட்டேன். தெலுங்குக்காரி மட்டும் கூடவே வந்தாள். ஆனால் அவளும், "நெஜமா சொல்லுடி, டைப்புல எதுவும் விட்டுட்டியா?" என்று ஒருநாள் கேட்டாள். அவளே கேட்டாள்!

பன்னிரண்டாவதோடு என் படிப்பு நின்றது. அப்பா சொன்ன சொல் தவறாதவர். இன்று ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கிறேன். எதிரே கம்ப்யூட்டர்தான். வருகிறவர்களின் பெயரையும் வயதையும் அடிப்பதோடு என் வேலை முடிந்தது. அது திணறி நின்றுவிட்டால், "கை வெக்காதீங்க மேடம், கம்பெனிலேந்து ஆளு வருவாங்க" என்கிறார் டாக்டர். அவரும்தான்.

போன மாதம் மகள் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டுத் தலை பின்ன உட்கார்ந்தாள். பைத்தான். எனக்குச் சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. வரையெல்லை என்று ஒரு பாடம். படித்தேன். ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறி, அதாவது நம் எண் மாதிரி பெயர் வைத்த ஒன்று, அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே அழியும். வெளியே அதே பெயரில் இன்னொன்று இருந்தாலும் அது வேறு, இது வேறு. உள்ளே எத்தனை கூட்டினாலும் வெளியே ஏறாது. அவ்வளவுதான். என் அர்ச்சனை ஒவ்வொரு முறையும் உள்ளே ஒன்றை இரண்டாக்கியிருக்கிறது. அந்த இரண்டு அங்கேயே செத்திருக்கிறது. வெளியே லூப் பார்த்துக்கொண்டிருந்த எண் ஒன்று, என்றைக்கும் ஒன்று. எப்படி நிற்கும் அது?

"இதுக்கு என்னம்மா அழுவுற? இது ஈஸி லெசன்" என்றாள் மகள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரே ஒரு பத்தி! ஒரு சின்னப் பெண் அரைத் தூக்கத்தில் படித்துவிட்டுப் போகிற பத்தி! மலரில் இதை வெட்டாமல் போடுங்கள். டைப்பில் நான் ஒன்றையும் விடவில்லை. தெலுங்குக்காரி, உனக்கும்தான் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். டிவியை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்தக் கம்ப்யூட்டர் பூஜை ஞாபகம் இருக்குதா?"

"எப்பிடிமா மறக்கும்? வண்டிய பாதியில உட்டுட்டு ஓடியாந்தேனே."

"காரணம் கெடச்சிடுச்சுப்பா." பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண், பேர்தான் ஒன்று என்று இரண்டு டம்ளரை வைத்துக் காட்டினேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புரிந்ததா என்று தெரியவில்லை. புத்தகத்தை வாங்கி, அன்று என் தாளைப் படித்த மாதிரியே அந்தப் பக்கத்தையும் முழுவதும் படித்தார்.

"சரிமா," என்றார் கடைசியில். "இத அன்னிக்கே நீ சொல்லிட்டன்னு வெச்சிக்கோ. சொல்லியிருந்தா மட்டும் அந்த ரூமுக்குள்ள உட்டுருப்பாங்களா உங்கள? வேற ஒரு சாக்கு சொல்லியிருக்க மாட்டாங்களா?"

நான் அதை யோசித்ததே இல்லை. இத்தனை வருடமும் அந்த ஒரு காரணம் தெரிந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

"உட்டுருக்க மாட்டாங்கப்பா," என்றேன். "ஆனா நீ அங்க கைய கட்டிக்கினு தப்புன்னு சொல்லியிருக்க மாட்டே."